குழந்தை எழுத்தாளரை நேரில் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் பள்ளிக்கு ஒருவர் வருகிறார்

திருமயம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். திருமயம் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள் வந்ததிலிருந்து பிள்ளைகள் அவற்றைக் கீழே வைப்பதில்லை. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் இருக்கின்றன அல்லவா, என் வகுப்பில் பாதிப் பேர் ‘ஓடு’வுக்கு வந்துவிட்டார்கள். போன வாரம் ஒரு பையன் ஒரு கதையைப் படித்து முடித்துவிட்டு, எழுதியவர் பெயரைத் தொட்டுக் காட்டிக் கேட்டான்: “டீச்சர், இவங்க உயிரோட இருக்காங்களா?”

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்த வயதில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாடப்புத்தகத்தில் பாரதியார், கவிமணி எல்லாருக்கும் பிறந்த வருடமும் மறைந்த வருடமும் போட்டிருக்கும். ஆகவே புத்தகத்தில் பெயர் வந்துவிட்டால் அவர் காலமானவர் என்பது என் கணக்கு. நான் நான்காம் வகுப்பு படித்தபோது குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பேசுகிறார் என்று அப்பா ஒரு விழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு எங்கள் பக்கத்து ராயவரம்தான் சொந்த ஊர். அவருடைய பாட்டை நான் வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் ஒப்பித்தவள். ஆனாலும் மேடையில் இருந்தவரைக் காட்டி “இவர்தான்” என்று அப்பா சொன்னபோது நம்பவில்லை. இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர் என்றும் சொன்னார். வங்கியில் கணக்குப் பார்த்த கையா பாட்டும் எழுதியது என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.

அவர் என்ன பேசினார் என்பதில் இன்று ஒரு வரிகூட நினைவில்லை. பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அவர் பாட்டைப் பாடினோம், எழுதியவர் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அது மட்டும் அப்படியே இருக்கிறது. 1989 மார்ச்சில் அவர் இறந்த செய்தி வந்தது. சொந்தக்காரர் அல்லாத ஒருவருக்காக நான் அழுதது அதுதான் முதல் தடவை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தாளர் ஒருவர் அடுத்த மாதம் எங்கள் பள்ளிக்கு வரச் சம்மதித்திருக்கிறார். மொத்தம் 64 பிள்ளைகள். இப்படி நேரில் பார்த்த, கேட்ட அனுபவம் உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ இருந்தால் சொல்லுங்கள். எது மனதில் தங்கியது, எது வீணாய்ப் போனது, இரண்டும் எனக்கு வேண்டும்.

டேராடூன் அம்மா:

டீச்சர், நாங்கள் கும்பகோணத்துக்காரர்கள். கணவரின் வேலை காரணமாகச் சில வருடம் உத்தரகாண்டில் டேராடூனில் இருந்தோம். அங்கிருந்து முசோரி மலைக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். முசோரியின் மால் ரோட்டில் கேம்பிரிட்ஜ் புக் டெப்போ என்று ஒரு புத்தகக் கடை. அந்த வருடங்களில் சனிக்கிழமை சாயங்காலம் ஆங்கிலத்தில் குழந்தைகளுக்கு எழுதும் ரஸ்கின் பாண்ட் அங்கே வந்து உட்கார்ந்து வாசகர்களுக்குக் கையெழுத்துப் போடுவார் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சேதி. என் மகளுக்கு அப்போது பத்து வயது. அவருடைய கதைகளை வரிசையாகப் படித்திருந்தாள். 2016 ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பிவிட்டோம்.

மலைப்பாதை வளைவுகளில் அவளுக்கு இரண்டு தடவை வாந்தி. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்து சேர்ந்தாள். கடை சின்னதுதான், வரிசையோ தெருவில் நீண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் நின்றவர்களில் பாதிப் பேர் குழந்தைகள். லேசான தூறல் வேறு. அவள் புத்தகத்தை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டாள், தலை நனைந்ததைக் கவனிக்கவில்லை.

ஒரு வாரமாகக் கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். உங்கள் கதையில் வரும் சிறுத்தை நிஜமாக வந்ததா, பாட்டி நிஜப் பாட்டியா என்று ஏழு கேள்வி. எதிரே போய் நின்றதும் ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் பெயரைக் கேட்டார். சொன்னாள். நம் தமிழ்ப் பெயர், நீளமானது. எழுத்து எழுத்தாக அவள் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மொத்தமே ஒரு நிமிடம் இருக்கலாம். நான்கு மணி நேரப் பயணத்துக்கு இதுதானா என்று எனக்கு ஒரு ஏமாற்றம், உண்மையைச் சொல்கிறேன்.

ஆனால் திரும்பி வரும்போது அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். “அம்மா, அது தேவதாரு. அது ஓக். அவர் எழுதின மரம்மா.” மூன்று வருடம் அந்த மலையடிவாரத்தில் இருந்தும் எனக்கு எல்லாம் வெறும் மரங்கள்தான். கையெழுத்துக்கு நின்ற பிறகு அவளுக்கு அந்த மலை முழுக்கப் படித்த இடமாகிவிட்டது. இன்னொன்று, அவர் முதல் நாவலைப் பதினேழு வயதில் எழுதியவர். அதை எங்கேயோ படித்துவிட்டு அன்று ராத்திரி சொன்னாள்: “எனக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கு.”

ஆகவே டீச்சர், கேள்வி கேட்கவில்லையே என்று எந்தப் பிள்ளையையும் விரட்டாதீர்கள். முடிந்தால் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் அவர்கள் கையெழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். 64 பேர்தானே.

கிளை நூலகர் (ஓய்வு):

டீச்சரம்மா, உங்கள் பையன் கேட்ட கேள்விக்கு முதலில் வருகிறேன். வள்ளியப்பா வங்கியில் இருந்தார். வங்கி வேலையோடுதான் 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தொடங்கினார். கோவில்பட்டி உதயசங்கர் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். கீழடியை வைத்து எழுதிய ‘ஆதனின் பொம்மை’க்காக 2023இல் சாகித்திய அகாதமியின் பால சாகித்திய விருது வாங்கினார். இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வேலைக்குப் போய் வந்து, வீட்டில் சோறு சாப்பிட்டு, ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறவர்கள்தான் இவர்கள் என்று தெரிந்தால் அவர்களுக்குப் பயம் போய்விடும்.

வீணாய்ப் போன கதை என்னிடம் ஒன்று உண்டு. எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்குக் கதை எழுதுகிற ஒருவரை அழைத்து வந்தோம். இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருந்து பஸ்ஸில் வந்தார். காலை பத்து மணிக்கு விழா. வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. பிள்ளைகள் மைதானத்து வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பதினொன்றே முக்காலுக்கு எழுத்தாளருக்கு மைக் கொடுத்து, பத்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னார்கள். அழைத்து வந்தவன் என்ற முறையில் எனக்குத் தலைநிமிர முடியவில்லை. அவரோ மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கி நேரே வேப்பமரத்தடிக்குப் போனார். நிழலுக்கு வாருங்கள் என்று கையைக் காட்டினார். பிள்ளைகள் எழுந்து ஓடின ஓட்டம் இருக்கிறதே! அங்கே மண்ணில் உட்கார்ந்து ஒரு கதை சொன்னார். மேடையில் இருந்த பெரியவர்கள் நாற்காலியில் அப்படியே இருந்தார்கள். கதை முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று, சாப்பாட்டு மணி அடித்தும் ஒரு பிள்ளை எழவில்லை.

மேடை போடாதீர்கள். பொன்னாடைக்கு வைத்திருக்கிற பணத்தில் அவருடைய புத்தகங்களை வாங்கிவிடுங்கள். வழிச்செலவும், முடிந்த அளவு ஒரு சன்மானமும் உறையில் போட்டுக் கொடுங்கள். கதைதானே, சேவைதானே என்று நம் ஆட்கள் பலர் வெறுங்கையோடு அனுப்பிவிடுகிறார்கள். அது எனக்கு ஆறாத வருத்தம்.

ஆதியின் அப்பா:

என்னுடையது சின்ன அனுபவம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் சென்னைப் புத்தகக் காட்சி. என் மகன் படித்த ஒரு கதையில் அணில் செத்துப்போகும். அதை எழுதியவர் ஒரு அரங்கில் நிற்பதைப் பார்த்துவிட்டு நேராகப் போய் “அணிலை ஏன் சாகவிட்டீங்க?” என்று கேட்டுவிட்டான். குரலில் கோபம். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டம் இடித்துக்கொண்டு போகிற அந்தப் பாதையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் உயரத்துக்கு வந்து, தன் வீட்டில் வளர்ந்த ஒரு அணிலைப் பற்றி மெதுவாகச் சொன்னார். “சும்மா கதைதானேப்பா” என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. மகன் சமாதானம் ஆகவில்லை, ஆனால் அன்று வாங்கிய அவருடைய இன்னொரு புத்தகத்தை ரயிலிலேயே முடித்துவிட்டான்.

பிள்ளைகள் முன்பே படித்திருந்தால்தான் இப்படிக் கேள்வி வரும். கதையைப் படிக்காமல் கேட்டால் “உங்களுக்கு எப்படி ஐடியா வருது” என்பதைத் தாண்டாது.

திருமயம் டீச்சர்:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. தலைமையாசிரியரிடம் நூலகர் ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். மேடை இல்லை என்று முடிவாகிவிட்டது. எங்கள் பள்ளியில் புங்கமரம் இருக்கிறது, அதன் அடியைப் பெரிய பிள்ளைகள் பெருக்கிவைப்பார்கள். வருகிறவரின் இரண்டு புத்தகங்களில் பத்துப் பத்துப் பிரதி வாங்கப்போகிறோம். தினமும் கடைசிப் பீரியடில் படிப்போம்.

அந்தப் பையனிடம் “உயிரோட இருக்காங்க, நம்ம பள்ளிக்கூடத்துக்கே ஒருத்தங்க வர்றாங்க” என்று சொன்னேன். எல்லாரையும் ஆளுக்கொரு கேள்வி எழுதி வரச் சொல்லியிருந்தேன். இன்று காலை தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில் இருந்தது இதுதான்: “நீங்க மீன் சாப்பிடுவீங்களா? அம்மாகிட்ட சொல்லணும்.”