வட்டார ஒயின் போட்டியும் நம் ஊர்க் கள்ளும்: ஒரு பீடோங் விவாதம்

திராட்சைத் தோட்டத்தான்

அனைவருக்கும் வணக்கம். போன தீபாவளிக்கு மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள நம் பீடோங் ஊருக்கு வந்திருந்தபோது, நான் வேலை செய்யும் தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் நடக்கும் வட்டார ஒயின் போட்டியைப் பற்றிப் பேச்சு வந்தது. அதைப் போல் நம் கெடா வட்டாரத்துத் தென்னங்கள்ளுக்கும் ஒரு தரப் போட்டி வைத்தால் என்ன என்று நான் கேட்டதும், எங்கள் மாமா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய்விட்டார். அன்று சொல்ல முடியாமல் போனதை இங்கே முறையாக எழுதுகிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

போட்டி நாளில் புட்டிகள் நடுவர்களின் கண்ணில் படுவதே இல்லை. பணியாளர்கள் பின்கட்டில் ஊற்றி, எண் மட்டும் ஒட்டிய கண்ணாடிக் குவளைகளை நீண்ட வெள்ளை மேசைகளில் வரிசையாக அடுக்கி வைப்பார்கள். நடுவர்கள் ஒவ்வொரு குவளையையும் வெள்ளை விரிப்பின் மேல் சாய்த்து நிறம் பார்த்து, முகர்ந்து, ஒரு வாய் எடுத்துச் சுழற்றித் துப்பிவிட்டு, மற்றவரிடம் பேசாமல் மதிப்பெண் எழுதுவார்கள். நூற்றுக்கு 95 வந்தால் தங்கம், 90 வந்தால் வெள்ளி, 85 வந்தால் வெண்கலம். பெரிய நிறுவனத்தின் ஒயினும், கொட்டகையில் நான்கு பீப்பாய் மட்டும் வைத்திருக்கும் குடும்பத்தின் ஒயினும் அங்கே வெறும் எண்கள்தாம். புட்டியில் வட்டாரத்தின் பெயரைப் போட வேண்டுமானால் குறைந்தது 85 விழுக்காடு திராட்சை அந்த வட்டாரத்தில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியச் சட்டம் சொல்கிறது. ஆகவே பரோசா என்ற பெயர் வெறும் விளம்பரச் சொல்லாக இல்லாமல், அந்த மண்ணுக்கே உரிய சொத்தாக நிற்கிறது. நம்மிடம் மண் இருக்கிறது, மரம் இருக்கிறது, மரம் ஏறத் தெரிந்தவர்களும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பெயர்தான் இல்லை.

ஹார்வர்ட் தோட்டத்துப் பேத்தி

தம்பி, நான் இந்த ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் மாமா ஏன் எழுந்து போனார் என்பது எனக்குப் புரிகிறது.

நீங்கள் பிறந்த பீடோங் எதற்காக வரலாற்றில் இடம் பெற்றது என்பதை நினைத்துப் பாருங்கள். ஹார்வர்ட் ரப்பர் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை, 1947-இல் கள்ளுக்கடை மறியலுக்காக இதே ஊரில் திரண்டு காவல்துறையை எதிர்கொண்டது. அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். குடித்துக்கொண்டிருந்த மக்களே, தங்களுக்கு முன்னால் இருந்த கடையை மூடுங்கள் என்று கேட்ட போராட்டம் அது.

என் பாட்டனார் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், குடித்தவரும்கூட. சம்பள நாள் மாலையில் பாட்டி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கள்ளுக்கடையின் தகரக் கதவருகே நிற்பாராம். உள்ளே போக மாட்டார், கூப்பிடவும் மாட்டார். தாத்தா நிமிர்ந்து பார்க்கும்வரை நின்றுகொண்டே இருப்பாராம். தொண்டர் படையில் சேர்ந்த அன்றோடு தாத்தா விட்டுவிட்டார். சாகும்வரை எங்கள் வீட்டுத் தென்னையில் பாளை சீவ ஒருவரையும் அவர் விட்டதில்லை. அந்த ஊரில் மேசை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, கள்ளுக்குத் தங்கப் பதக்கம் கொடுக்க வேண்டுமா?

திராட்சைத் தோட்டத்தான்

டீச்சர், உங்கள் பாட்டனாரின் போராட்டத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் சரவாக்கைப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1-ஆம் நாள் கவாய் அறுவடைப் பெருநாளில் இபான் மக்கள் புளுட் என்னும் ஒட்டரிசியில் தாங்களே ஊறவைத்த டுவாக் மதுவை விருந்தினருக்குப் பெருமையோடு ஊற்றிக் கொடுக்கிறார்கள். இன்று அது அழகிய புட்டிகளில் கடைக்கும் வந்துவிட்டது. இதே மலேசியாவில் ஒரு சமூகம் தன் பானத்தைத் தலைநிமிர்ந்து கொண்டாடும்போது, நாம் மட்டும் ஏன் நம்முடையதைப் பெயர் சொல்லக் கூசுகிறோம்?

ஹார்வர்ட் தோட்டத்துப் பேத்தி

ஏனென்றால் அது நம்முடையதாக இருக்கவில்லை.

இபான் மக்கள் தங்கள் நிலத்து நெல்லைத் தங்கள் நீள்வீட்டில் ஊறவைத்து, தங்கள் அறுவடைக்குக் குடித்தார்கள். நீங்கள் சொல்லும் பரோசாவும் அப்படித்தான்: 1840-களில் சமயத்துக்காக நாடு விட்டு வந்த ஜெர்மானியக் குடும்பங்கள் தங்கள் கையால் நட்டுத் தங்கள் கையால் பிழிந்த திராட்சை அது. நமக்கோ, கூலி கொடுத்த நிர்வாகமே தோட்டத்துக்குள் கடையையும் வைத்தது. வலது கையால் கொடுத்ததை இடது கையால் வாங்கிக்கொண்டது. அந்தப் பானத்தின்மேல் எனக்குப் பெருமை எப்படி வரும்?

பழைய கிராணி

நான் தோட்டத்தில் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு, எழுதியவன். எதையும் கணக்காகவே பார்த்துப் பழகியவன். கள் நல்லதா கெட்டதா என்பதை டீச்சரிடமே விட்டுவிடுகிறேன். போட்டியால் வட்டாரம் வாழும் என்பதுபோல் தம்பி பேசுவதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1980-களின் நடுவில் தெற்கு ஆஸ்திரேலியாவில் திராட்சை தேவைக்கு மேல் விளைந்து விலை சரிந்தபோது, கொடிகளைப் பிடுங்கி எறிபவர்களுக்கு அரசே பணம் கொடுத்தது. தாத்தா நட்ட ஷிராஸ் வகைத் திராட்சைக் கொடிகளைப் பேரன்கள் டிராக்டரில் சங்கிலி கட்டி இழுத்தார்கள். இன்று எந்தக் கிழட்டுக் கொடியின் பெயரைச் சொல்லிப் புட்டியை ஏற்ற விலைக்கு விற்கிறார்களோ, அதே வயதுடைய கொடிகள் அன்று விறகாயின. அந்த ஆண்டுகளிலும் ஒயின் போட்டிகள் நடந்தன, பதக்கங்களும் கொடுக்கப்பட்டன. ஒரு பதக்கமாவது ஒரு கொடியைக் காப்பாற்றியதா? பின்னர் 2021-இல் சீனா ஆஸ்திரேலியப் புட்டி ஒயினுக்கு 218 விழுக்காடுவரை இறக்குமதித் தீர்வை போட்டது. 2024 மார்ச்சில்தான் அதை எடுத்தது. இடைப்பட்ட காலத்தில், சந்தையே மூடிக்கிடக்கும்போது, தங்க முத்திரை ஒட்டிய புட்டியும் ஒட்டாத புட்டியும் ஒரே கிடங்கில்தான் அடுக்கிக் கிடந்திருக்கும்.

நம் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, எந்த மரம் நன்றாகப் பால் கொடுத்தது என்று யாரும் கேட்கவில்லை. டன் விலையைப் பார்த்தார்கள், வெட்டினார்கள். ஒயின் போட்டியில் பதக்கம் வாங்குவது ஒயின் செய்யும் நிறுவனம். திராட்சை விளைவித்தவனுக்கு டன் விலைதான். தம்பி அங்கே வேலை செய்கிறார் அல்லவா, பதக்கம் வந்த மறு ஆண்டு திராட்சைக்காரனுக்கு எவ்வளவு கூடியது என்று எழுதட்டும்.

திராட்சைத் தோட்டத்தான்

ஐயா கேட்பது நியாயமான கேள்வி. பதக்கம் கிடைத்ததனாலேயே விளைவித்தவருக்கு விலை கூடிய ஒப்பந்தம் எதையும் நான் என் கண்ணால் பார்த்ததில்லை. கூடியதெல்லாம் நிறுவனம் தானாக மனமிரங்கிக் கொடுத்ததுதான்.

ஆனால் அந்த வட்டாரம் விழாமல் நின்றதற்கு இன்னொரு கதையும் உண்டு. 1970-களின் இறுதியில் இதே போலத் திராட்சை தேங்கியபோது, பீட்டர் லேமன் என்ற ஒயின் தயாரிப்பாளர், விவசாயிகளிடமிருந்து வாங்க வேண்டாம் என்று தன் முதலாளிகள் சொன்னதை ஏற்கவில்லை. கை குலுக்கி வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லி, அவர்களின் திராட்சையை வாங்குவதற்காகவே பணம் திரட்டித் தனி நிறுவனம் தொடங்கினார். பிறகு அந்தத் திராட்சையில் செய்த ஒயின்தான் பரோசாவின் பெயரை வெளியே கொண்டு போனவற்றுள் ஒன்றாயிற்று. வாக்குக் காப்பாற்றும் ஆள் முதலில் வேண்டும், போட்டி அதற்குப் பின்னால்தான் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆய்வகத்தான்

சுங்கைப் பட்டாணியில் உணவுப் பரிசோதனை வேலை பார்க்கிறேன். இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்: நடுவர்களின் நாக்கை எவ்வளவு நம்பலாம்?

கலிபோர்னியாவில் சிறிய ஒயின் ஆலை ஒன்றை நடத்திய ராபர்ட் ஹாட்ஜ்சன், கடலியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் ஒயின் ஒரு போட்டியில் தங்கம் வாங்கி மற்றொன்றில் ஒன்றுமே வாங்காமல் வந்தது ஏன் என்று அவருக்குத் தீராத கேள்வி. அந்த மாநிலத்தின் பெரிய போட்டியிலேயே சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கினார். ஒரே புட்டியிலிருந்து ஊற்றிய ஒயினை, நடுவருக்குத் தெரியாமல், மற்ற குவளைகளுக்கிடையே மூன்று முறை வைத்தார்கள். 2008-இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, மூன்று முறையும் ஏறத்தாழ ஒரே தரத்தைக் கொடுத்த நடுவர்கள் பத்தில் ஒருவர்தான். வேறு சிலர் அதே ஒயினுக்கு ஒருமுறை வெண்கலமும் மறுமுறை தங்கமும் கொடுத்திருந்தார்கள். இவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், தொழில் தெரிந்தவர்கள். இருபது முப்பது குவளைக்குப் பின் நாக்கு மரத்துப்போவது மனித இயல்பு.

ஆனால் ஒயின் கெட்டிருந்தால், காடியாக (வினிகராக) திரும்பியிருந்தால், தேர்ந்த நடுவர் முகர்ந்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். எனவே ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த நாக்கு போதாது. கழிக்க வேண்டியதைக் கழிக்கப் பெரும்பாலும் போதும், கூடவே ஆய்வகம் இருந்தால். இதை நான் சும்மா சொல்லவில்லை. 2018 செப்டம்பரில் மெத்தனால் என்ற நச்சுச் சாராயம் கலந்த மலிவு மதுவைக் குடித்து, சிலாங்கூரிலும் பிற இடங்களிலும் சில நாள்களுக்குள் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனாலை எந்த நடுவரின் நாக்கும் பிரித்தறியாது. நம் வட்டாரத்தில் கள் விற்பனை நடக்கிற வரையில், எனக்கு வேண்டியது பதக்கம் அன்று, சோதனைச் சான்று.

திராட்சைத் தோட்டத்தான்

நாக்கு மாறும் என்பது உண்மைதான். அதனால்தான் போட்டி ஒருமுறையோடு நிற்கக் கூடாது என்கிறேன். ஆஸ்திரேலியாவின் பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் ஒயின் தயாரித்த மேக்ஸ் ஷூபர்ட் 1951 முதல் செய்துவந்த கிரேஞ்ச் ஒயினைத் தொடக்கத்தில் சுவைத்தவர்கள் இழிவாகப் பேசினார்கள். 1957-இல் நிறுவனமே நிறுத்தச் சொன்னது. அவர் மறைவாகச் செய்துகொண்டே இருந்தார். தடைக்கு முன்பே அவர் செய்திருந்த 1955-ஆம் ஆண்டு ஒயின் 1962-இல் சிட்னி போட்டியில் தங்கம் வாங்கியது. புட்டிக்குள் இருந்தது மாறியதா, நாக்கு மாறியதா என்று கேட்டால், இரண்டும் மாறின என்பேன்.

மரமேறி மகன்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒயின் ஏழு ஆண்டு காத்திருக்கும். கள் ஏழு மணி நேரம்கூட ஒரே சுவையில் இருக்காது. போட்டியைப் பற்றிப் பேசும் யாருக்கும் இது தெரிந்ததாகத் தெரியவில்லை.

என் அப்பா மரம் ஏறினவர். விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் மெல்லத் தட்டுவார். ஓங்கித் தட்டினால் பாளை வெதும்பிவிடும், தட்டாமல் விட்டால் ஊறாது. சில நாள் கழித்து நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டுவார். பிறகு காலையும் மாலையும் ஏறி, வெற்றிலைத் தடிமன் அளவுக்கு மட்டும் சீவிவிட்டு, ஊறியதை இறக்குவார். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இனிப்பான பதநீர். தடவாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே உள்ளே போய், மரத்திலிருந்து இறக்கும்போதே நுரைத்துக்கொண்டிருக்கும். அன்று மாலைக்குள் கள், ஓரிரு நாளில் புளிப்பு, வைத்திருந்தால் காடி. மழை பெய்த மறுநாள் மட்டை வழுக்கும், அன்றும் ஏறுவார். மரத்தை அணைத்து அணைத்து நெஞ்சில் காய்ப்புக் காய்த்திருந்தது. என்னைப் பள்ளியில் சேர்த்தபோது, தந்தையின் தொழில் என்ற இடத்தில் 'தொழிலாளி' என்று மட்டும் எழுதச் சொன்னார். அந்தக் கையின் சூட்சுமத்துக்கு இந்த ஊரில் ஒரு நல்ல பெயர்கூடக் கிடைக்கவில்லை.

டீச்சர், நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. கடையை வைத்தது நிர்வாகம். ஆனால் பழி முழுவதும் மரத்தில் இருந்தவன் தலையில் விழுந்தது. போட்டி வைப்பதானால் கள்ளுக்கு வேண்டாம். பதநீருக்கும் கள் காடிக்கும் வையுங்கள். காடி கெடாது, மயக்காது, ஆய்வகத்துக்கும் அனுப்பலாம். ஊறுகாய்க்குக் கடைக்காடி வாங்குகிற வீடுகள் எல்லாம் வாங்கும். கிராணி ஐயா சொன்ன கணக்குக்கும் ஒரு வழி சொல்கிறேன்: போட்டிக்கு வரும் ஒவ்வொரு புட்டியிலும் விற்பவர் பெயருக்கு மேலே, ஏறியவர் பெயர் இருக்க வேண்டும்.

பழைய கிராணி

பெயர் மட்டும் போட்டால் போதாது. புட்டி விலையில் ஏறியவருக்கு எத்தனை ரிங்கிட் என்பதையும் அதிலேயே அச்சிட வேண்டும். அப்படியானால் கணக்கு எழுதித் தர நான் இருக்கிறேன்.

ஹார்வர்ட் தோட்டத்துப் பேத்தி

மரமேறி மகனுக்கு: உங்கள் தந்தையாரைப் பற்றி எழுதியதை இரண்டு முறை படித்தேன். மறியல் செய்தவர்களின் பிள்ளைகளாகிய நாங்கள், மரத்தில் இருந்தவர்களையும் கடையோடு சேர்த்தே வெறுத்துவிட்டோம். அது தவறு, அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

கள்ளுக்குப் போட்டி என்றால் இன்றும் என் மறுப்பு மறுப்புதான். காடிக்கு என்றால், எங்கள் வீட்டின் பின்புறம் தாத்தா நட்ட தென்னைகளில் இரண்டு இன்னும் நிற்கின்றன. பாளை சீவத் தெரிந்தவர் யாரேனும் இருந்தால் வரச் சொல்லுங்கள்.

மரமேறி மகன்

அப்பாவுக்கு இனி முடியாது, டீச்சர். நான் சிறு வயதில் பாதி உயரம்வரை ஏறிப் பழகியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், அப்பாவைக் கீழே நாற்காலியில் உட்காரவைத்து.