மாங்குளம் பக்கம் நாய்க்குட்டிக்கு உதவி தேவை

வணக்கம். போன கிழமை எங்கள் வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. இரண்டரை மாதம், பெயர் மணி. காதுக்குள் உழுந்து உழுந்தாக உண்ணி. ஒவ்வொன்றாக எடுக்கும்போது என் மடியில் தலையை வைத்து அசையாமல் படுத்திருக்கிறான், பாவம்.

பார்வோ (குட்டிகளுக்கு வரும் கடும் வயிற்றோட்ட வைரஸ் நோய்) தடுப்பூசி போடவேண்டும், மூன்று மாதம் முடிய விசர்நாய்த் தடுப்பூசியும். கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பொறுமையாகப் பார்க்கும் மிருக வைத்தியர் யார்? குளிப்பாட்டி நகம் வெட்டிவிட யாராவது இருக்கிறார்களா?

எல்லாவற்றையும்விட, பழக்குவதற்கு ஒருவர் வேண்டும். வீடு ஏ9 வீதிக்கரை, பஸ்ஸும் லொறியும் பறக்கிற இடம். கூப்பிட்டவுடன் அவன் நிற்கப் பழகவேண்டும். அடித்துப் பழக்குபவர் வேண்டாம். பிறகு, நெல் அரிவி வெட்டு நாட்களில் பகலில் வைத்துப் பார்க்கக்கூடியவர்கள் இருந்தாலும் சொல்லுங்கோ.