புதுப்பிப்பு: ஒரு @ வைத்தால் ஐந்து @ வந்த பைத்தான் விளையாட்டு சரியாகிவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. பைத்தான் கட்ட விளையாட்டில் ஆளை (@ குறி) ஒரு கட்டத்தில் வைத்தால் அந்த நெடுவரிசை முழுக்க @ நிற்கிறது என்று கேட்டிருந்தேன் இல்லையா, வரிசைகளின் ஐடியை (ஒவ்வொரு பொருளுக்கும் பைத்தான் தரும் அடையாள எண்) அச்சிட்டுப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது: ஐந்துக்கும் ஒரே எண். [['.'] * 5] * 5 என்று எழுதினால் ஐந்து வரிசை உருவாவதில்லை, ஒரே லிஸ்ட்டைத்தான் ஐந்து இடத்திலும் காட்டுகிறது. வெளிப் பெருக்கலை எடுத்துவிட்டு, ஃபார் லூப்பில் ஒவ்வொரு வரிசையையும் புதிதாகச் சேர்த்ததும் தீர்ந்தது. உள்ளே இருப்பதையும் சேர்த்து நகலெடுக்கும் டீப்காப்பி இதற்கு உதவாது, ஐந்து இடத்திலும் ஒரே லிஸ்ட் என்பதையும் அப்படியே நகலெடுக்கும்.

அப்புறம், எதிர்பாராத ஒன்று: மேல் ஓரத்தைத் தாண்டினால் எர்ரரே வராமல் ஆள் கடைசி வரிசையில் முளைக்கிறான், ஏனென்றால் -1 பைத்தானுக்குச் செல்லுபடியாகும் இன்டெக்ஸ் (இட எண்), கடைசி இடத்தைக் குறிக்கும். கீழே தாண்டினால் மட்டும் இன்டெக்ஸ் எர்ரர். நகர்த்தும் முன் புதிய இட எண் 0 முதல் 4 வரைதானா என்று ஒரு இஃப் போட்டிருக்கிறேன்.