கிணற்று முறையும் அசனப் பந்தியும்

களக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார்; முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒரு கோடையில் ஏத்தன் வாழை குலை தள்ளுகிற சமயம் பார்த்து, எங்கள் முறையையும் சேர்த்துப் பெரியப்பாவே ஓட்டிக்கொண்டார். கேட்கப் போன அப்பாவை நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டார். காய் திரளவே இல்லை. பேச்சுவார்த்தையும் நின்றுபோனது.

அப்பா கோயிலுக்குப் போவார், பாட்டுப் பாடுவார். திருவிருந்து (அப்பமும் ரசமும் வாங்குவது) என்றால் மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டார். முதலில் சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டு வந்து காணிக்கையைச் செலுத்து என்கிற மத்தேயு 5-ஆம் அதிகாரத்தை அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். (காணிக்கை மட்டும் தவறாமல் போடுவார். அதைக் கேட்டால் முறைப்பார்.) மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு போய் முழங்கால் போடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை அசனத்தில்தான் அந்தப் பிணக்கு உடைந்தது. அசனம் என்றால் நம் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டாம்; மற்றவர்களுக்கு, சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிற கோயில் விருந்து. முந்தின ராத்திரி முழுக்க வெங்காயம் உரிப்பு, மறுநாள் ஊரே ஒரே பந்தி. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மன் மிஷனரி இரேனியுஸ் ஐயர், பல சாதி மாணவர்களைச் சேர்ந்து சாப்பிட வைக்கப் பெரும்பாடு பட்ட சீமை இது. யார் யாரோடு பந்தியில் உட்காருவது என்பது இங்கே சின்ன விஷயம் இல்லை. அன்றைக்கு அப்பா கையில் கறி வாளி. வரிசையில் பெரியப்பா. தாண்டிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அப்பா குனிந்து இரண்டு கரண்டி ஊற்றினார், மூன்றாவதும் எடுத்தார்.

"போதும்டே, எலை தாங்காது."

"சாப்பிடுங்கண்ணே."

அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஆத்திரம். "இவரு மூணு கரண்டி கறியில மன்னிச்சிட்டாரு. உரத்துக்கு அடகு வச்சது என் சங்கிலில்லா?" நியாயம்தானே. வீட்டு ஆம்பிளை மன்னித்துவிட்டால் வீடே மன்னித்துவிட்டதாக ஊர் எடுத்துக்கொள்கிறது. நட்டப்பட்டது வேறு ஆள். நான் கேட்ட பிரசங்கங்களில் இந்த இடத்தை யாரும் தொட்டதில்லை. பெரியம்மா ஒருநாள் வட்டிப் பணத்தோடு அடுக்களைக்கே வந்து, "நாங்க செஞ்சது தப்புதான் தங்கச்சி" என்று சொன்ன பிறகுதான், "இருங்கக்கா, காப்பி போடுதேன்" என்றாள் அம்மா. முதல் இன்னும் வந்தபாடில்லை.

கிணற்று விஷயத்தில் அப்பா விடவில்லை. முறை நாட்களை நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மன்னித்த பிறகு எழுத்து எதற்கு என்று சபையைக் கவனிக்கிற உபதேசியார் கேட்டதற்கு, "மறுபடியும் மன்னிக்கிற மாதிரி வந்துரக் கூடாதுல்லா" என்றார்.

இதைப் படித்துவிட்டுப் பாளையங்கோட்டையிலிருந்து இன்னொருவர் எழுதியது:

எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை. கிறிஸ்துமஸுக்கு அண்ணன் வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்தனுப்புகிறோம். தூக்குச்சட்டி வெறுமனே வருகிறது. பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று எங்கள் இருவருக்கும் சொல்லிக்கொடுத்தது ஒரே அம்மாதான். இந்த வருஷமும் அனுப்பத்தான் போகிறேன். ஆனால் அந்த நோட்டு யோசனை நல்லா இருக்கிறது, எங்களுக்குப் பொதுச்சுவர்த் தகராறு. எழுதும்போது சாட்சிக்கு யாரையாவது வைத்துக்கொண்டீர்களா, அல்லது இரண்டு பேரும் மட்டும்தானா?