அட்டைப்படத்தில் கறுப்புக் கோடு ஓடுகிறது, அவசரம்!

வத்தைக்காரன் (பாம்பன்)
எல்லாருக்கும் வணக்கம். நேரமில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கற்பனை காமிக்ஸ் அட்டை ஒன்று வரைகிறேன். பழைய காமிக்ஸ்களில் வந்த இரும்புக்கை மாயாவியும் ஃபாண்டோமாவும் தனுஷ்கோடியில் சந்திக்கிறார்கள். கோடெல்லாம் போட்டு முடித்தாச்சு, நன்றாகவே வந்தது. வானத்துக்கு நீலம் அடிக்க ஆரம்பித்தால் கறுப்பு கரைந்து ஓடுகிறது. மாயாவியின் கையைச் சுற்றி கணவாய் மை கக்கின மாதிரி ஆகிவிட்டது. கால்வாசி வானத்தோடு நிறுத்திவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். என்ன செய்யலாம்?

கீழக்கரைக்காரன்
தம்பி, என்ன மை, என்ன பேப்பர், என்ன கலர்? மூன்றையும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொல்லியிருக்கிறாய்.

உப்பளம்
பாம்பன் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. உப்புக் காற்றுதான் காரணம். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துத் தானே கசியும். பேப்பர் மேல் படிந்த உப்பும் அப்படித்தான். ஜன்னலை மூடிவிட்டு வரையுங்கள். எங்கள் வீட்டு உப்புச் சாடியைப் பார்த்தாலே தெரியும்.

மண்டபம் டீச்சர்
அது கலர் காயாமல் பிசுபிசுப்பதற்குக் காரணமாக இருக்கலாம் சார். காய்ந்த கோடு கரைந்து ஓடுவது வேறு சமாச்சாரம். தம்பி, கீழக்கரை அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். அளவும் சொல்லுங்கள்.

வத்தைக்காரன் (பாம்பன்)
சாதா சார்ட் அட்டை, வழவழப்பான பக்கம். போஸ்டர் கலர். படம் இணைத்திருக்கிறேன்.

கீழக்கரைக்காரன்
மை?

தெருக்குழாய்
தண்ணீரை மாற்றிப் பாருங்கள். நம் பக்கம் போர் தண்ணீரில் பிரஷ் கழுவினால் கலர் திரிந்து போகும். நான் குடிக்கிற கேன் தண்ணீரில்தான் கலர் கரைக்கிறேன். வீட்டில் திட்டு விழும், அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

பழைய அட்டை
கேட்பதற்கு முன்னால் இங்கே பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது. சரி, இருக்கட்டும். மையைப் பற்றி மற்றவர்கள் பேசிக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்தேன், அதில் ஓடுவது மை மட்டும் இல்லை.

மாயாவிக்கு இரும்புக்கை வலது கை. நீங்கள் இடது கையில் மாட்டியிருக்கிறீர்கள். மூலையில் அமெரிக்காவின் ‘காமிக்ஸ் கோட்’ தணிக்கை முத்திரை எதற்கு? அது 1954-இல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்காக ஏற்படுத்திக்கொண்டது. மாயாவி 1962-இல் இங்கிலாந்தின் வேலியன்ட் வார இதழில் வந்தவர், அவருக்கும் அந்த முத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. விலை 12 சென்ட் என்று வேறு போட்டு, தேதி 1972 என்கிறீர்கள். பின்னால் பஸ் போகும் பாலம். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988-இல். 1972 என்றால் 1914-இல் திறந்த ரயில் பாலம் மட்டும்தான்.

கீழக்கரைக்காரன்
அதை விடுங்கள் அய்யா. தனுஷ்கோடியில் நின்றால் பாம்பன் பாலம் எங்கே தெரியும்? 20 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது.

வத்தைக்காரன் (பாம்பன்)
கற்பனை அட்டைதானே அண்ணே. எங்கள் ஊர் பாலம் வராமல் எப்படி? 1972, மாயாவியைத் தமிழில் வெளியிட்ட முத்து காமிக்ஸ் தொடங்கிய வருஷம் என்று போட்டேன்.

கோட்டோவியன்
கற்பனை என்பதால் எதையும் போடலாம் என்று ஆகாதே. அந்த வருஷம் பெட்டிக்கடையில் நிஜமாகவே தொங்கியிருக்கலாம் என்று பார்க்கிறவன் ஒரு நொடி நம்ப வேண்டும். இந்த விளையாட்டில் ருசியே அதுதான். இதில் மட்டும் பழைய அட்டை சார் பக்கம். சொல்லும் தொனியில் இல்லை.

பழைய அட்டை
தொனி பார்த்தா தகவல் சொல்ல முடியும்?

முத்துரசிகன்
அது இருக்கட்டும், மாயாவி மறைய உடம்பில் மின்சாரம் பாய வேண்டும். படத்தில் மறைந்துவிட்டார், கை மட்டும் மிதக்கிறது. புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் கரண்ட் ஏது?

உப்பளம்
மின்னல். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே மின்னலுக்குப் பஞ்சமா?

முத்துரசிகன்
மின்னல் அடித்தால் ஆள் மறைய மாட்டான், செத்துப் போவான்.

கோட்டோவியன்
சாதாரண ஆளுக்கு ஏற்கிற விதியை சூப்பர்ஹீரோவுக்கு வைக்கிறீர்களே.

முத்துரசிகன்
அவர் எங்கே சூப்பர்ஹீரோ? ஆரம்பக் கதைகளில் பாங்க் கொள்ளை அடித்தவர். அப்புறம்தான் நல்லவர் ஆனார். ஃபாண்டோமாதான் சரியான சூப்பர்ஹீரோ. 1940-லேயே வந்துவிட்டாள், வொண்டர் வுமனுக்கும் முந்தி. கோபம் வந்தால் முகம் மட்டும் மண்டை ஓடாகும், பொன்னிற முடி அப்படியே இருக்கும். ஃப்ளெட்சர் ஹாங்க்ஸ் வரைந்ததைப் பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது. தம்பி அந்த மண்டை ஓட்டைச் சிரிக்க வைத்திருக்கிறார், அதுதான் எனக்கு வருத்தம்.

உப்பளம்
மின்னல் வெளிச்சத்தில் இடிந்த சர்ச், ஈர மணலில் காலடித் தடம், நடுவில் இரும்புக்கை மட்டும். ஆள் இல்லை, தடம் மட்டும் நடந்து வருகிறது. நான் சொன்னேன் என்று எங்கேயும் போட வேண்டாம்.

மண்டபம் டீச்சர்
இது அருமை! மறைந்தவனுக்கு எடை மறையாதே, தடம் விழும்தான். ஆனால் வானம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்னல் எங்கே போடுவது? தம்பி, கடைசியாகக் கேட்கிறேன், என்ன மை?

வத்தைக்காரன் (பாம்பன்)
சொல்ல மறந்துவிட்டேன் டீச்சர். பேனா மைதான். பள்ளிக்கூடத்தில் எழுதுவோமே, அந்த ஃபவுண்டன் பேனா.

கீழக்கரைக்காரன்
அல்லாஹ்! இதை முதலிலேயே சொல்லக் கூடாதா?

மண்டபம் டீச்சர்
காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை, விஷயம் இதுதான். பேனா மை தண்ணீரில் கரைந்த சாயம். எத்தனை நாள் காய்ந்தாலும் ஈர பிரஷ் பட்டால் மறுபடி கரையும். வழவழ சார்ட்டில் மை உள்ளே இறங்காமல் மேலாகவே நிற்கும், அதனால் இன்னும் மோசம். அடுத்த முறை வாட்டர்ப்ரூஃப் இந்தியன் இங்க் வாங்குங்கள். எந்த மையானாலும் துண்டுப் பேப்பரில் ஒரு கோடு இழுத்து, ஒரு நாள் காயவிட்டு, ஈர பிரஷால் தடவிப் பாருங்கள். கறுப்பு நகர்ந்தால் அது வேண்டாம்.

தெருக்குழாய்
அந்தப் பேனாவிலேயே இந்தியன் இங்க் ஊற்றிக்கொண்டால் போதுமே?

கோட்டோவியன்
ஐயோ, வேண்டாம். அதில் அரக்கு இருக்கும். பேனா நாக்கில் காய்ந்து அடைத்துக்கொண்டால் அப்புறம் பேனாவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். தொட்டு எழுதும் நிப் அல்லது மெல்லிய பிரஷ்.

வத்தைக்காரன் (பாம்பன்)
இன்று வெள்ளி. மறுபடி முழுக்க வரைய முடியாது. இதைக் காப்பாற்ற வழியே இல்லையா?

கோட்டோவியன்
இருக்கிறது. ஜெராக்ஸ். லேசர் ஜெராக்ஸில் இருக்கிற கறுப்பு மையே இல்லை, சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக் பொடி. அதன் மேல் தண்ணீர் பட்டால் ஓடாது. கலைந்த இடத்தை முதலில் வெள்ளை போஸ்டர் கலரால் மூடு, கரைந்த கோட்டை அதன் மேல் திரும்ப இழு, நன்றாகக் காயவிட்டு நகல் எடு. வலது கை, மின்னல், காலடி எல்லாவற்றையும் அப்போதே திருத்திக்கொள்ளலாம். நகலில் கலர் அடி. போஸ்டர் கலரைக் கெட்டியாக அடித்தால் கோட்டை மூடிவிடும், தண்ணீராகக் கரைத்து அடி.

பிரிண்டர் வைத்திருக்கிற நண்பரிடம் போய் இங்க்ஜெட்டில் எடுத்துவிடாதே. அதில் பெரும்பாலும் திரும்பவும் ஓடும்.

பழைய அட்டை
இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அந்தக் கால அமெரிக்க காமிக்ஸ் அட்டைகளில் அசல் கோட்டோவியத்தின் மேல் பெரும்பாலும் கலரே அடிக்க மாட்டார்கள். அதை அளவு குறைத்து நகல் எடுத்து, நகலில் கலர் அடித்து, அதை அச்சுக்கு வழிகாட்டியாக அனுப்புவார்கள். அசலில் வெள்ளை பூசித் திருத்திய திட்டுகள் அப்படியே இருக்கும், அச்சில் தெரியாது. உங்கள் அட்டையின் அளவு என்ன? அமெரிக்க அசல்கள் இப்போது 10-க்கு 15 அங்குலத்தில் வரைவார்கள். ஏ3 அந்த விகிதத்துக்குச் சற்று அகலம், ஓரத்தை வெட்ட வேண்டியிருக்கும்.

மண்டபம் டீச்சர்
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே சார்.

பழைய அட்டை
முதல் பதிவில் மை என்னவென்று யாருக்குத் தெரியும்?

கீழக்கரைக்காரன்
அளவு கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. தம்பி?

தெருக்குழாய்
கடைக்குப் போயிருப்பார். யாருக்காவது பாம்பனில் ஏ3 எடுக்கும் கடை தெரியுமா? எனக்கும் ஒரு வேலை இருக்கிறது.

முத்துரசிகன்
பாங்க் கொள்ளை விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

உப்பளம்
ஜன்னலை மூடினால் கலராவது சீக்கிரம் காயும். நான் சொன்னது முழுக்கத் தப்பு இல்லை.

வத்தைக்காரன் (பாம்பன்)
மன்னிக்கவும், போனில் சார்ஜ் இல்லை. முழு சார்ட்டில் வரைந்திருந்தேன், மெஷினில் நுழையவில்லை. நான்கு துண்டாக ஏ3 எடுத்து ஒட்டினேன். மின்னல் போட்டேன், காலடித் தடம் போட்டேன், முத்திரையை எடுத்துவிட்டேன். கறுப்பு ஓடவில்லை. கை மட்டும் இன்னும் இடது கைதான், திருத்த நேரமில்லை. பாலமும் இருக்கிறது. நூலகத்தில் ஒரு பையன் மட்டும் கேட்டான், காலடித் தடம் போகிறதா வருகிறதா என்று.

கீழக்கரைக்காரன்
போகிறதா, வருகிறதா?