ஆங்கிலத்தின் 'எ' (a), 'ஆன்' (an): எங்கே எதை இடுவது? சில அனுபவங்கள்

முதல் பகிர்வு

ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து எழுத்துகளுக்கு முன் 'ஆன்', மற்றவற்றுக்கு முன் 'எ' என்றே நான் படித்திருந்தேன். அதை நம்பி, வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஆன் யூனிவர்சிட்டி' என்றும் 'எ ஆனஸ்ட் பர்சன்' என்றும் எழுதிவிட்டேன். அனுப்புமுன் படித்துப் பார்த்த மூத்த நண்பர், "அந்த இரண்டு சொற்களையும் தமிழில் எழுதுங்கள்" என்றார். எழுதியதும் விளங்கியது: ஒன்று 'யூ' என்ற உயிர்மெய்யில் தொடங்குகிறது, மற்றொன்று 'ஆ' என்ற உயிரில். 'ஒரு யுகம்', 'ஓர் ஆண்டு' என்று நாம் பிரித்து எழுதுகிறோமே, அதே கணக்குதான். பார்க்க வேண்டியது ஆங்கில எழுத்தை அன்று, ஒலியை. 'ஆன் அவர்' (an hour), 'ஆன் எம்.எல்.ஏ.', 'எ யூனிஃபார்ம்' எல்லாம் இதில் அடங்கிவிடுகின்றன. 'ஒன்' என்ற சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். தமிழில் உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஆங்கிலேயர் வாயில் அது 'வன்' என்றே ஒலிப்பதால், 'எ ஒன்-வே டிக்கெட்' என்பதே சரி.

இரண்டாவது பகிர்வு

எனக்கு நேர்ந்தது 'எ' போடாமல் விட்டதால் வந்தது. ஒரு திட்ட வரைவைப் படித்துவிட்டு, எனக்குச் சில ஆட்சேபங்கள் உள்ளன என்று தெரிவிக்க நினைத்து, 'ஐ ஹேவ் ஃபியூ அப்ஜெக்ஷன்ஸ்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். பெற்றவர் நன்றி சொல்லி, வரைவை அப்படியே இறுதியாக்கிவிட்டார். 'எ ஃபியூ' என்றால் சில இருக்கின்றன என்று பொருள். வெறும் 'ஃபியூ' என்றால் அநேகமாக இல்லை என்று பொருள். அவர் என் வாக்கியத்தைச் சரியாகவே படித்திருந்தார். 'எ லிட்டில்', 'லிட்டில்' இரண்டுக்கும் இதே வேறுபாடு உண்டு.

'அவர் மருத்துவர்' என்பது தமிழில் நிறைவான வாக்கியம் என்பதால் 'ஹி இஸ் டாக்டர்' என்று சொல்லி 'எ'யை விட்டுவிடுகிறோம். 'ஓர் அறிவுரை' என்று பழகியதால், எண்ணிச் சொல்ல முடியாத 'அட்வைஸ்' முன்னால் வேண்டாத 'ஆன்' சேர்க்கிறோம். இந்த இரண்டாவது பிழையை நான் இன்னும் முழுமையாகக் கைவிடவில்லை.

மூன்றாவது பகிர்வு

'ஆன்' என்பதே மூத்த வடிவம் என்று அறிந்தபோது வியந்தேன். 'ஒன்று' எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த அது, மெய்யொலிக்கு முன் 'ன்' உதிர்ந்து 'எ' ஆனது. இவை அடுத்த சொல்லோடு சேர்ந்தே ஒலித்ததில் எல்லை குழம்பி, 'எ நேப்ரன்' (a napron) என்பது 'ஆன் ஏப்ரன்' (an apron) ஆகிவிட்டது. அதை அறிந்த பிறகு, ஐயம் வரும்போதெல்லாம் அடுத்த சொல்லோடு சேர்த்து ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே எழுதுகிறேன்.