பாண்டுப் சதுப்புக்கு உங்கள் பழைய பைனாகுலர் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். நான் மும்பையில் முலுண்டில் இருக்கிறேன். ஞாயிறு காலையில் பாண்டுப் பம்பிங் ஸ்டேஷன் பக்கம் பிளாஸ்டிக் பொறுக்கவும் பறவை எண்ணவும் போகும் சின்னக் குழுவில் நானும் ஒருத்தி. அதை ஒட்டிய தாணே கழிமுகம் 2015-இல் பூநாரை (ஃபிளமிங்கோ) சரணாலயமானது, 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனாலும் தண்ணீர் வடிந்ததும் அலையாத்தி வேர்களில் பால் பாக்கெட் தொங்குவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

போன வாரம் எங்கள் கட்டடத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேரைக் கூட்டிப்போனேன். இருந்தது ஒரே பைனாகுலர். ஏழு வயதுப் பெண்ணின் முறை வந்தபோது, ஒரு பூநாரை அலகைத் தலைகீழாகச் சேற்றுநீரில் வைத்து அரித்துக்கொண்டிருந்தது. "ஆன்ட்டி, இதோட மூக்கு முழுக்கக் கருஞ்சிவப்பு!" என்றாள். ஆமாம், அது சிறு பூநாரை. பெரிய பூநாரைக்கு அலகு வெளிர் ரோஜா நிறம், நுனி மட்டும் கறுப்பு. வெறுங்கண்ணுக்கு இது பிடிபடாது.

வீட்டில் சும்மா கிடக்கும் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் இருந்தால் மே மாதம் வரை இரவல் தர முடியுமா? பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

அப்புறம், ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு வருகிறது. பெருங்கூட்டத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணிப் பழகியவர்கள் ஒரு ஞாயிறு வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஓதம் (கடல்நீர்) ஏறும் நேரம் பார்த்து வந்தால் பறவைகள் கரையோரம் ஒதுங்கும், நன்றாகத் தெரியும். வர முடிந்தவர்கள் இங்கேயே சொல்லுங்கள்.